பின்னல் வேலையின் இன்பம்

கைத்தொழில்கள் பலவற்றுள்ளும் ஏழை, செல்வர் என்ற வேற்றுமையின்றி எவரும் எளிதில் பயிலத்தக்கது கம்பளி நூலைக் கொண்டு செய்யும் பின்னல் வேலையாகும். இரண்டு ஊசிகள், ஒரு நூற்பந்து, அமர்வதற்கு ஓர் இடம் ஆகிய இவற்றிற்கு மேல் அதற்கு மூலதனம் எதுவும் வேண்டுவதில்லை. அங்ஙனமிருந்தும் நம்மவருள் எழுத்துப் படித்தோர் பலர் அதனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பேனா பிடித்த கை வேறொன்றைப் பிடித்தால் கௌரவம் குறைந்துவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் மறைந்தபாடில்லை. ஆண்பிள்ளையாயிருந்தாலோ சொல்லவே வேண்டுவதில்லை. நான் ஆங்கில மொழி வழியாகக் கல்வி பயின்று, தேயிலைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்ப்பவன், வயது முப்பதைக் கடந்தவன், ஆண்மகன். ஆயினும் நாள்தோறும் பின்னல் வேலை செய்து வருகின்றேன். அதனால் நான் அடைந்த இன்பத்தையும், அது எனக்குத் தேடித் தந்த தோழமையையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பின்னல் என்பது யாது என்பதைச் சிறிது விளக்குவோம். நெசவிலே பாவு, ஊடை என இருவகை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் துணியாகின்றன. பின்னலிலோ ஒரே நூல்தான். அந்நூலைக் கண்ணியாக வளைத்து, அக்கண்ணியின் வழியே மற்றொரு கண்ணியை இழுத்து, இவ்வாறே வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டு போகின்றோம். நூலைப் பின்னே வைத்து ஊசியை முன்னிருந்து நுழைத்து இழுப்பது ஒருவகை. நூலை முன்னே வைத்து ஊசியைப் பின்னிருந்து நுழைத்து இழுப்பது மற்றொருவகை. இவ்விரண்டும் உண்மையில் ஒரே கண்ணியின் முகமும் முதுகுமேயன்றி வேறல்ல. எத்தனை விசித்திரமான பூவேலைகளும் இவ்விரண்டின் சேர்க்கையிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றன. கண்ணிகள் வளைந்து கொடுப்பதனால் துணியும் வளைந்து கொடுக்கின்றது. நாம் அன்றாடம் அணியும் பனியனும் இவ்வகைத் துணியே. திருப்பூர் நகருக்குப் புகழ் தந்த பின்னலாடையில் இயந்திரம் செய்யும் அதே கண்ணியைத்தான் நாங்கள் விரல்களால் செய்கின்றோம்.

நிற்க. வெப்பநாடாகிய மலாயாவில் கம்பளி எதற்கு என்று சமவெளித் தோட்டங்களில் வாழும் அன்பர்கள் கேட்கலாம். நான் வேலை பார்ப்பது கேமரன் மலையில். 1885-ஆம் ஆண்டில் நில அளவை செய்ய வந்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கும் இம்மலையில், தானா ராத்தா நகரம் 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றது. மழை பெய்து பனிமூட்டம் இறங்கும் இரவுகளில் கழுத்துக்கொரு கம்பளித் துண்டும் தலைக்கொரு தொப்பியும் இன்றியமையாதவை. ஆட்டு மயிர் தன் இழைகளிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைக்கின்றது. உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுப்பது அக்காற்றேயாகும்.

எனக்கு இவ்வேலையைக் கற்பித்தவர் எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் நேபாளத் தொழிலாளர் ஒருவர். லயத்துத் திண்ணையில் மாலைதோறும் அவர் அமர்ந்து, பேசிக்கொண்டே, கையைப் பாராமலே தொப்பி பின்னுவதை நான் பன்முறை கண்டேன். தம் தாயாரிடம் சிறுவயதில் கற்றதாகக் கூறினார். ஒருநாள், எனக்கும் சொல்லித் தரலாகுமா என்று மலாய் மொழியில் வினவினேன். அவர் முதலில் நம்பவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் அழைத்துக் குறித்துக்கொள்ளும் கிராணி, மாலையில் தம் காலடிப் படியில் மாணவனாக அமர்வதென்பது அவருக்குக் கூச்சத்தை உண்டாக்கிற்று. தமக்கென வைத்திருந்த நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் தாம் எழுந்து நின்றார். நின்றுகொண்டு எங்ஙனம் கற்பிப்பது? இருவரும் படியிலேயே அமர்ந்தோம். நாற்காலி வெறுமனே கிடந்தது. முதல் வாரத்தில் என்னைப் 'போஸ்' என்று விளித்தவர், பின்னர் 'பாய்' என்று அழைக்கலானார். அவர் மொழியில் அச்சொல்லுக்குத் தம்பி என்று பொருள். நான் பெற்ற பட்டங்களுள் அதனையே பெரிதாக மதிக்கின்றேன்.

செய்தி ஆபீசுக்கு எட்டிற்று. சிலர் நகைத்தனர். உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, இது பொம்பளைங்க வேலை. அதுவும் கூலிக்காரன்கிட்டப் போயா கத்துக்கிறது? நாளைக்கு உன் சொல்லை எவன் மதிப்பான்?" என்று கடிந்துகொண்டார். அவர் என் நன்மையைக் கருதியே பேசினார் என்பதை அறிவேன். ஆயினும் அவருடைய இரண்டு எண்ணங்களும் ஆராய்ச்சிக்கு நில்லா.

முதலாவது, இது பெண்டிர் வேலை என்பது. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் துணிகளுள், ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எகிப்து நாட்டில் நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால் பின்னப்பட்ட காலுறைகள் சேரும். அவற்றைப் பின்னியது ஆணா பெண்ணா என்று எவரால் சொல்லமுடியும்? ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பின்னல் தொழிலாளர் சங்கங்கள் இருந்தன. அவற்றில் ஆடவரே பயிற்சி பெற்றுத் தேர்ச்சியாளர் என்ற நிலையை அடைந்தனர். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அந்நிலையை வேண்டுவோன் பெரியதொரு பூவேலை விரிப்பைத் தன் கையாலேயே பின்னிக் காட்ட வேண்டியிருந்தது. 1781 என்று ஆண்டு பொறித்த அத்தகைய விரிப்பொன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டைச் சார்ந்த தித்திகாக்கா ஏரியில் தாக்கிலே என்னும் தீவு ஒன்றுண்டு. அங்கே இன்றும் தொப்பி பின்னுவது ஆண்மக்களின் வேலை. சிறுவர்கள் இளமையிலேயே அதனைக் கற்கின்றனர். மணமானவனா ஆகாதவனா என்பதைத் தொப்பியின் நிறமே காட்டிவிடும். அத்தீவின் நெசவு, பின்னற்கலையை 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. முதல் உலகப் போரில் காயமுற்று மருத்துவமனைகளில் கிடந்த போர்வீரர்களுக்கும் இவ்வேலை கற்பிக்கப்பட்டது. ஒரு நாட்டில் ஆணுக்கும் மற்றொரு நாட்டில் பெண்ணுக்கும் உரியதாய் இருப்பின், ஊசிக்கு ஆண் பெண் என்ற வேற்றுமை தெரியாது என்பதே பெறப்படும்.

இரண்டாவது, தாழ்ந்தவனிடம் கற்பது இழிவு என்பது. தெரிந்தவன் ஆசான், தெரியாதவன் மாணவன். இதில் உத்தியோகத்திற்கு என்ன வேலை? நம் முன்னோர் நாட்டில் பற்பல தொழில்களைப் பிறப்போடு முடிச்சிட்டு, இன்னார் மகனே இன்ன தொழில் செய்யவேண்டும் என்று வேலியிட்டு வைத்தனர். அவ்வேலியினால் தொழிலும் வளரவில்லை, தொழிலாளியும் உயரவில்லை. நம்மிடையே பின்னல் ஊசியோ எக்குலத்தாருக்கும் சொந்தமாகாமல் வந்து சேர்ந்த கருவி. அதை எடுப்பவனிடம் எவரும் தகப்பன் பெயரைக் கேட்பதில்லை.

இனி இன்பத்தைப் பற்றிச் சொல்லுவேன். கிராணியின் வாழ்வு கட்டங்களில் கழிவது. பெயர் ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம். செக்ரோலில் ஒவ்வொரு கட்டமும் ஒருவருடைய ஒருநாள் உழைப்பு. இன்று அது கணினித் திரைக்கு மாறிவிட்டதேனும் கட்டங்கள் மாறவில்லை. பின்னல் படமும் கட்டங்களாலாயதே. ஒரு கட்டம் ஒரு கண்ணி. ஆனால் ஆபீசுக் கட்டத்தை நிரப்பினால் மாதமுடிவில் கூட்டுத்தொகை கிடைக்கும். இக்கட்டத்தை நிரப்பினால் அணிந்துகொள்ள ஓர் ஆடை கிடைக்கும். ஒரு கழுத்துத் துண்டிற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது சென்டிமீட்டர் அகலத்திற்கு 40 கண்ணிகள். ஒன்றரை மீட்டர் நீளத்திற்கு ஏறக்குறைய 420 வரிசைகள். ஆக 16,800 கண்ணிகள். நிமிடத்திற்கு 20 கண்ணிகள் வீதம் 14 மணி நேரம். இத்தனை நேரமும் விரல்கள் ஓடிக்கொண்டிருக்க, மனம் மெல்ல மெல்ல அடங்குகின்றது. பகலில் கேட்ட சுடுசொற்கள் பத்தாவது வரிசையிலேயே தேய்ந்துவிடுகின்றன. கைப்பேசியைக் கீழே வைத்தாலன்றி ஊசியைப் பிடிக்க முடியாதென்பதும் ஒரு நன்மையே.

இவ்வின்பம் தனிமையில் பாதி, கூட்டத்தில்தான் நிறைவு. தானா ராத்தாவில் ஒரு கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் பிற்பகலில் நாங்கள் ஒன்பதுபேர் கூடுகின்றோம். பூத்தோட்டம் வைத்திருக்கும் சீன அம்மையார், ஓய்வு பெற்ற மலாய்த் தாதியார், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் இரு சகோதரிகள் முதலியோர் அதில் உளர். ஒருவர் கண்ட புதுப் பின்னலை மற்றவர்க்கு மறைப்பதென்பது அங்கே இல்லை. ஜப்பானியப் பின்னல் நூலொன்று எங்களிடமுண்டு. எங்களில் ஒருவருக்கும் அம்மொழி தெரியாது. ஆனால் அந்நாட்டார் கண்ணிகளுக்குரிய குறிகளை ஒரே ஒழுங்காக வகுத்துள்ளமையால், சொல் தெரியாமலே படத்தைப் பார்த்துப் பின்னிவிடுகின்றோம். மொழியால் பிரிந்தோர் ஒரே ஏட்டைப் படிக்கும் காட்சியை வேறெங்குக் காண்பது?

சென்ற ஆண்டு அத்தாதியாரின் கணவர் காலமானார். தம் பேரக்குழந்தைக்கென்று அவர் தொடங்கிய போர்வை பாதியில் நின்றது. இரண்டு மாதங்கள் அவர் மாடிப்படி ஏறவில்லை. நாங்கள் அவர் இல்லம் சென்று அப்போர்வையை வாங்கிவந்து ஆளுக்கு ஒரு பகுதியாகப் பின்னி முடித்தோம். பின்னுவதில் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதம். ஒருவர் நூலை இறுக்குவார், மற்றொருவர் தளர விடுவார். ஆகவே எங்கு எவர் கை மாறியதென்பது போர்வையில் பளிச்சென்று தெரிந்தது. ஆசிரியை அதைப் பிரித்து ஒரே சீராகச் செய்து தருவதாகச் சொன்னார். தாதியார் இணங்கவில்லை. அதை மடியில் விரித்து, "இது உங்கள் கை, இது அவர் கை" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். அடுத்த ஞாயிறு தம் ஊசிகளோடு வந்து சேர்ந்தார்.

இவ்வளவும் கூறியபின் மற்றொரு பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், மோதிரத்தின் உள்ளே நுழைத்து இழுக்கத்தக்க அத்துணை மெல்லிய சால்வைகளைப் பெண்கள் பின்னினார்கள். அவற்றை வாங்கிய வணிகர்கள் காசு கொடுக்கவில்லை. தம் கடைச் சரக்கையே கூலியாகக் கொடுத்தனர். அச்சரக்குகளில் தேயிலையும் ஒன்று. தேயிலையைப் பெற்ற பெண்கள் அதனை அயலாரிடம் கொடுத்து உணவுப் பொருளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1872-ஆம் ஆண்டில் அரசாங்க விசாரணைக் குழுவினர் இதனை விரிவாக எழுதிவைத்தனர். 1887-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை. அவ்வறிக்கையின் செய்தியைப் படித்தபொழுது, கங்காணிகள் நடத்திய தோட்டக்கடைகளில் கடன் வாங்கி, கூலியை முகம் பாராமலே இழந்த நம் பாட்டன் பாட்டியர் என் நினைவுக்கு வந்தனர். அவர்கள் பறித்த தேயிலையும், அவர்கள் பட்ட கடனும் அப்பெண்களுக்குப் புதியவையல்ல.

ஆதலின் பின்னல் வேலை தன்னளவில் இன்பமும் அன்று, துன்பமும் அன்று. வயிற்றுக்காகப் பிறர் வைத்த விலைக்குப் பின்னினால் அது கொத்தடிமை. தன் விருப்பத்தால், தன் நேரத்தில், தன் தோழரோடு பின்னினால் அது இன்பம். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் இயந்திரத் துண்டு மலிவாகக் கிடைக்கின்றதே, அவ்விலைக்கே கைப்பின்னலும் தரலாகாதா என்று கேட்போரிடம் நான் அந்த 14 மணி நேரக் கணக்கைச் சொல்லுவதுண்டு. வாக்குவாதத்திற்காக அன்று; கையுழைப்பின் விலையை நாமே மறந்தால் பிறர் எங்ஙனம் நினைவில் வைப்பர்?

என் ஆசான் அனுமதிக்காலம் முடிந்து தம் நாடு திரும்பிவிட்டார். அவரிடம் கற்றதை இப்பொழுது லயத்துப் பிள்ளைகள் அறுவருக்குக் கற்பித்து வருகின்றேன். அவருள் நால்வர் ஆண்பிள்ளைகள். தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் பிள்ளை ஊசியும் நூலும் கேட்டால், நீ ஆணா பெண்ணா என்று வினவாதீர்கள். வாங்கிக் கொடுங்கள். படித்த இளைஞர்களே! உங்கள் தோட்டத்தில் எவரேனும் ஒரு தொழிலைச் செவ்வனே அறிந்திருப்பின், அவர் எந்நாட்டவராயினும், எக்கூலிக்கு உழைப்பவராயினும், அவரருகே சென்று அமருங்கள். நாற்காலியைத் தேடாதீர்கள்.