அரக்கு மணக்கும் பட்டறைகள்

கோலார் தங்கவயலில் பொழுது விடிவதே ரயிலுக்காகத்தான். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று வரிசையாக வரும் சின்னச் சின்ன நிலையங்களில் சாப்பாட்டு டப்பாவுடன் கூட்டம் ஏறுகிறது. பலர் தமிழர்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் எடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்த சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. ஒரே தொழிலை நம்பியிருந்த ஊருக்கு இப்போது பிழைப்பு பெங்களூரில்.

பெங்களூரில் மைசூர் ரயிலுக்கு மாறி சுமார் 60 கிலோமீட்டர் போனால், ஒரு கைத்தொழிலால் பெயர் வாங்கிய இன்னொரு ஊர் வருகிறது: சென்னபட்டணா. கன்னடத்தில் இதற்குப் பொம்மைகளின் ஊர் என்றே பெயர். தங்கவயலுக்கு வாய்க்காத ஒன்று இங்கே இருக்கிறது. தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மூலதனம் மரமும் அரக்கும்தான். மரம், கன்னடத்தில் ஆலெ என்றும் தமிழில் வெட்பாலை என்றும் சொல்லப்படுவது. தந்த நிறம், இழை நெருக்கம், உளிக்கு இணங்கும். ஈரம் போகக் காயவைத்த துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழலவிடுகிறார்கள். உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. வடிவம் வந்தபின் வர்ணம் தீட்டத் தூரிகை கிடையாது. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, கண்ணாடி போலப் பளபளப்பு. அம்பாசமுத்திரத்துச் சொப்பு வைத்து விளையாடியவர்களுக்கு இந்த மினுமினுப்பு புதிதல்ல.

சுழல்வதால் உருண்டையாக வரக்கூடிய எதையும் இங்கே கடையலாம். கிலுகிலுப்பை, பம்பரம், வளையல், கதவுக் குமிழ், சதுரங்கக் காய். மஞ்சள், அவுரி போன்ற இயற்கைச் சாயம் சேர்த்த பொம்மை என்றால், குழந்தை வாயில் வைத்தாலும் தாய்க்குக் கவலையில்லை.

பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்துத் தொழிலை வளர்த்தவர் திப்பு சுல்தான் என்பது ஊர் வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அரக்குத் தொழில்நுட்பத்தைக் கற்று வந்து சொல்லிக் கொடுத்தவர் பாவஸ் மியான். அன்று வில்லால் இழுத்துச் சுழற்றிய கடைசலை இன்று பெரும்பாலும் மோட்டார் சுழற்றுகிறது. 2005-06ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பெயரில் வேறு ஊர்க்காரர் விற்க முடியாது.

ஆனால் குறியீடு வாடிக்கையாளரைக் கூட்டி வருவதில்லை. மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒரு அச்சில் நொடியில் விழுகிறது. இங்கே ஒவ்வொன்றும் கை பட்டாக வேண்டும். கூலி போதாத வீட்டில், பிள்ளை உளியைத் தொடுவதைவிட பெங்களூர் வேலையைத் தேடுகிறான்.

போதாக்குறைக்குச் சாலை. மைசூர் போகும் கார்கள் பல்லாண்டுகளாக இந்த ஊருக்குள் புகுந்துதான் போயின. காபிக்கு இறங்கும் குடும்பம் ஆடுகுதிரை ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பும். 2023 மார்ச்சில் முறைப்படி திறக்கப்பட்ட பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. பயண நேரம் பாதியாகக் குறைந்தது என்று பயணிகளுக்கு மகிழ்ச்சி. பழைய சாலையோரக் கடைக்காரர்களுக்கோ வியாபாரமே குறைந்துபோனது.

தங்கவயலின் கதை ஒரு உத்தரவில் முடிந்தது. சென்னபட்டணாவில் யாரும் உத்தரவு போடவில்லை. வாங்குபவர் நிற்காமல் போனாலே போதும், பட்டறை மெல்ல மெல்ல நின்றுவிடும். சுரங்கத்தில் தங்கம் அடியில் போய்விட்டது. இங்கே மரமும் அரக்கும் கையும் குறையாமல் இருக்கின்றன.

மைசூர் போகிறவர்கள் கவனிக்க: ரயில் இன்னும் சென்னபட்டணாவில் நிற்கிறது.