நோயாளி ஒத்துழைக்கவில்லை

2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் டெங்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் 180,000இற்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். உயிரிழந்தோர் தொகை 400ஐத் தாண்டியது. நாள்தோறும் அந்த எண்ணிக்கைகளைக் கேட்டு வாங்கித் தலைப்புப் போடுவது அப்போது எங்கள் ஆசிரியபீடத்தின் வழக்கமான வேலை. ஜூலை மாதத்தில் ஓர் இரவு, பக்கங்கள் அச்சுக்குப் போகும் நேரம், வெள்ளவத்தையிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, சின்னவனுக்கு மூண்டு நாளாக் காய்ச்சல். எங்கை நோகுதெண்டு எனக்குத் தெரியேல்லை."

சின்னவனுக்கு அப்போது எட்டு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு இல்லை. பசித்தால் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துச் செல்வான். நோவைக் காட்ட மட்டும் அவனிடம் சைகை ஏதும் இருக்கவில்லை. அந்த மூன்று நாட்களாக உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தான். இரவில் நித்திரை இல்லை.

முதலில் பார்த்த டொக்டர் காய்ச்சலுக்கு மருந்து எழுதினார். அடிப்பதைப் பற்றித் தங்கை கேட்டபோது, "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்" என்றார். குறைபாடு உள்ள ஒருவருக்கு வருத்தம் வந்தால், அதன் அறிகுறிகளையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் மருத்துவத்தில் உண்டு என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். தங்கைக்கு வாசிக்க வேண்டியிருக்கவில்லை. "இவன் ஒருநாளும் நெத்தியிலை அடிக்கிறேல்லை. கையைத்தான் கடிப்பான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டெங்கா என்று பார்க்க இரத்தம் எடுக்க வேண்டும். டெங்கு என்றால் ஒரு தடவையோடு முடியாது. குருதிச் சிறுதட்டுக்கள் இறங்குகின்றனவா என்று நாளாந்தம் எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கையின் கணவர் வெளிநாட்டில் வேலை. ஆகவே நானும் உடன் சென்றேன்.

மாலை நேரம். ஆய்வுகூடம் நிறையக் காய்ச்சல்காரர்கள். தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. மின்குமிழ்களின் வெளிச்சமே சின்னவனுக்குத் தாங்காது. காதுகளைப் பொத்திக்கொண்டு கதிரைக்கடியில் நுழைந்துவிட்டான். முறை வந்ததும் நால்வர் பிடித்தோம். கால்களைப் பிடித்தவன் நான். ஊசி இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை இரத்தம் துளித்துளியாக வந்தது. அவன் எழுப்பிய ஓசையை அதற்கு முன் நான் கேட்டதில்லை, பின்னரும் கேட்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்து அழைப்பு வந்தது. இரத்தம் உறைந்துவிட்டதாம், மறுபடி வரவேண்டுமாம். ஊதா மூடிக் குப்பியில் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. ஆனால் இரத்தம் மெதுவாகச் சொட்டினாலோ, உடனே குப்பியை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்காவிட்டாலோ அது உறைந்துவிடும். உறைந்தால் சிறுதட்டுக்கள் கட்டியாகி, எண்ணிக்கை பொய்யாகக் குறைவாகக் காட்டும். டெங்குக் காலத்தில் அப்படியொரு பொய் எண் எத்தனை பேரைக் கலங்கடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை அமுக்கியதற்குக் கிடைத்த பலன் இது.

திரும்பப் பெற்ற படிவத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது: நோயாளி ஒத்துழைக்கவில்லை. பிறர் எழுதியதைத் திருத்தியே வயிறு வளர்த்தவன் நான். அந்த வசனத்தில் எழுவாய் பிழை என்று தோன்றியது. வாசலில் காலணி கழற்றவும் அவனுக்கு அவகாசம் கொடுக்காதவர்கள் நாங்கள்.

மறுநாள் பார்த்த குழந்தை வைத்திய நிபுணர் வேறுவிதமானவர். சின்னவனைத் தொடவில்லை. பத்து நிமிடம் தங்கையிடம் மட்டும் கேள்வி கேட்டார். எதைப் பார்த்தால் அமைதியாவான், எந்தக் கையால் சாப்பிடுவான், தோலில் எது பட்டால் பொறுக்கமாட்டான். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஒன்றை எழுதித் தந்து, ஊசிக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் பூசி மூடிவைக்கச் சொன்னார். இரத்தம் எடுப்பவரை வீட்டுக்கே அழைக்கலாம் என்றும் சொன்னார். தங்கை மறுத்துவிட்டாள். "வீடு ஒண்டுதான் அவனுக்குப் பயமில்லாத இடம். அதையும் கெடுக்க வேண்டாம்."

அதற்கு அடுத்த நாள் காலை ஆறரைக்கு, சனம் வருமுன், வேறொரு ஆய்வுகூடத்துக்குப் போனோம். களிம்புக்கு மேல் ஒட்டிய பிளாஸ்ரிக் தாளை அவன் பிய்க்காதிருக்க, பழைய காலுறையின் நுனியை வெட்டிக் கையில் மாட்டியிருந்தாள் தங்கை. அங்கே இருந்தவர் வயதான சிங்களவர். 'புத்தே' என்று ஒரு முறை அழைத்ததோடு சரி. சின்னவன் கதிரையைப் பார்த்ததும் பின்வாங்கினான். நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் பார்த்தவன், மூலையில் சுழன்ற மின்விசிறிக்கு முன்னால் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டான். நான் தூக்கப் போனேன். அந்த மனிதர் கையசைத்துத் தடுத்தார். விளக்கை அணைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு, சாரம் உடுத்தவர் பாயில் அமர்வதைப்போல, மெதுவாகத் தரையில் அமர்ந்தார். முதலில் தன் கையில் பட்டியைக் கட்டிக் காட்டினார். பிறகு தங்கையின் கையில். பிறகு அவன் கையில். அதற்குள் கால் மணித்தியாலம் போய்விட்டது. ஊசி ஏறி இறங்கியது ஒரு நிமிடமும் இல்லை. சின்னவன் முகத்தைச் சுளித்தான். கண்ணை விசிறியிலிருந்து எடுக்கவில்லை. நான் எதையும் பிடிக்கவில்லை.

சிறுதட்டுக்கள் 240,000. டெங்கு இல்லை. ஆனால் வெண்குழியங்கள் மிக அதிகம். எங்கோ பக்ரீரியாத் தொற்று இருக்கிறது, சிறுநீரைப் பார்க்க வேண்டும் என்றார் நிபுணர். நுண்ணுயிர்கொல்லி மருந்தின் முதல் வேளையைக் கொடுக்குமுன் மாதிரி எடுத்தாக வேண்டும். மருந்து உள்ளே போய்விட்டால் வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி வளராமல் போகலாம். காய்ச்சலோ 103 பாகையில் நின்றது. ஆகவே அன்றிரவுக்குள் எடுக்க வேண்டியிருந்தது.

தோலில் ஒட்டும் பையை அவன் ஒரு கணத்தில் பிய்த்தெறிவான் என்பது தெரிந்ததே. அத்துடன், பையில் சேர்வது தோலின் கிருமிகளோடு கலந்துவிடும். தங்கை யோசித்தாள். அவன் வீட்டு மலசலகூடத்தில் மட்டும், விளக்கை அணைத்துவிட்டு, அமர்ந்துதான் சிறுநீர் கழிப்பான். செவ்விளநீர் ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, சுத்தமாகக் கழுவி இருத்தினாள். கிருமி நீக்கிய போத்தலுடன் அவள் இருட்டில் குந்தியிருக்க, நான் கதவுக்கு வெளியே கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடம். முதல் தடவை போத்தலைக் கண்டு நிறுத்திவிட்டான். இரண்டாம் தடவை, முதற் பகுதியைப் போகவிட்டு, நடுவில் வந்ததைப் பிடித்துவிட்டாள்.

"வந்திட்டுது அண்ணா" என்று உள்ளிருந்து இரகசியக் குரலில் சொன்னாள். முப்பது வருடத் தொழிலில் எத்தனையோ பரபரப்புச் செய்திகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எதற்கும் என் கை அப்படி நடுங்கியதில்லை. போத்தலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலி வீதியில் ஓட்டோ பிடித்தேன். அறை வெப்பத்தில் அதிக நேரம் வைத்தால் கிருமிகள் பெருகி முடிவு பிழைத்துவிடும்.

சிறுநீர்த் தொற்று என்று இரண்டு நாளில் உறுதியானது. அதற்கிடையிலேயே மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. நெற்றியில் அடிப்பதும் நின்றுவிட்டது. சின்னவன் பதினொரு மணித்தியாலம் தூங்கினான். தங்கை அவனுக்குப் பக்கத்தில், வெட்டிய காலுறையைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

அதன் பின்னர் இரத்தம் எடுக்க வேண்டி வந்தபோதெல்லாம், அந்த முதியவர் ஓய்வுபெறும் வரை, அதே இடத்துக்குத்தான் போனோம். மூன்றாம் முறை போனபோது, நாங்கள் எதுவும் சொல்லுமுன்னரே சின்னவன் தரையில் படுத்துக் கையை நீட்டினான். எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. சாப்பிடாத கை.