கொள்ளைக்காரன் முகம்

காகிதத் தட்டைக் கத்தரித்துக் கடற்கொள்ளைக்காரன் முகமூடி செய்வதைப் பற்றி எழுதுவதற்கு இலக்கியப் பகுதியில் இடம் கேட்கலாமோ என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். சமூகத்திற் செய்யவேண்டிய வேலைகள் மலைபோற் குவிந்து கிடக்கையில், பசையும் கத்தரியும் கையுமாய் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு வேறு பிழைப்பில்லையோ என்று கேட்பாரும் உளர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலைவரையில் நானும் அதை வெறும் பொழுதுபோக்கென்றே எண்ணியிருந்தேன்.

நான் கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். பள்ளி விடுமுறை நாட்களில் தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாய்த் திண்ணைகளில் சாய்ந்து கிடப்பதைக் கண்டு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அவர்களை வாசகசாலையிற் கூட்டி ஏதேனும் கைவேலை செய்வித்து வருகிறேன். அந்த வாரம் வந்தவர் ஒன்பது பேர். ஒரு திருமண விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டுகள் ஐம்பதுக்குமேல் என்னிடம் இருந்தன. எங்கள் பாட்டனார் காலத்துத் தோட்டங்களிற் சிலருக்குக் குவளையிலும் சிலருக்குச் சிரட்டையிலுமாகத் தேநீர் ஊற்றிய வழக்கத்தை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காகிதத் தட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விருந்து முடிந்ததும் எல்லாருடைய தட்டும் ஒரே குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது.

வேலை எளிது. தட்டின் வழவழப்பான பக்கத்திற் சாயம் ஒட்டாது, வழுக்கி ஓடிவிடும். ஆகையால் தட்டைக் கவிழ்த்துப் பின்புறத்தையே முகமாகக் கொள்ளவேண்டும். மேலே மூன்றில் ஒரு பங்கைச் சிவப்பாக்கி வெள்ளைப் புள்ளி வைத்தால் அது தலைத்துணி. கறுப்பு மணிலா அட்டையில் ஒரு கண்மறைப்பு. மற்றைக் கண்ணுக்குத் துளையிடுவதற்குத் தட்டை இலேசாக மடித்து, மடிப்பின்மேல் கத்தரியால் ஒரு சிறு வெட்டு. இதனை மட்டும் பெரியவர் செய்தல் நலம். சாக்லேட் சுற்றி வந்த பொன்னிறத் தாளை முறுக்கி வளைத்தால் காதுவளையம். தேங்காய் நாரைப் பசையில் தோய்த்து ஒட்டினால் தாடி. இரு ஓரங்களிலும் துளையிட்டு இரப்பர் வளையங்களைக் கோத்துவிட்டால் முகத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இந்த உருவம் முழுவதும் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து நான் கற்றது. ஆங்கிலம் படித்து வளர்ந்த என் போன்றோருக்குக் கொள்ளைக்காரன் என்றவுடன், ஸ்டீவன்சன் 1883-இல் நூலாக வெளியிட்ட ‘டிரெஷர் ஐலண்ட்’ கதையின் லாங் ஜான் சில்வர்தான் நினைவுக்கு வருவான். அவனுக்கு மரக்கால் என்று பலர் நம்புகின்றனர். கதையிலோ அவன் இடக்காலை இழந்து, தோளுக்கடியில் ஊன்றுகோல் வைத்து நடப்பவன். மரக்கால் பின்னால் வந்தவர்கள் மாட்டிவிட்டது. மண்டையோட்டுக் கொடியும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டிக் பக்கத்துக் கொள்ளையர் ஏற்றியது. நம் தோட்டத்திலிருந்து சிறிது தூரத்தில் மலாக்கா நீரிணை இருக்கிறது. அதன் கொள்ளையரைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முகத்துக்குச் சாயம் வேண்டுமே. வெள்ளையிற் சிறிது சிவப்பைக் குழைத்து இளஞ்சிவப்பாக ஒரு கிண்ணம் நிறைய வைத்திருந்தேன். ஏன் அந்த நிறம் என்று என்னை நானே கேட்கவில்லை. புத்தகத்தில் அப்படி இருந்தது, வைத்தேன். ஒரு சிறுமி மட்டும் தூரிகையைத் தோய்த்துவிட்டு, “ஐயா, இது யாருடைய நிறம்?” என்று கேட்டாள். “முகத்தின் நிறம்” என்றேன். அவள் தன் கையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு பூசத் தொடங்கினாள்.

மேசையின் மறுபுறத்தில் இருந்த ஒருவன் கிண்ணத்தை ஒதுக்கித் தள்ளினான். “கொள்ளைக்காரன் என்றால் கறுப்பாகத்தானே இருப்பான்?” என்று சொல்லித் தட்டு முழுவதும் கரிய சாயத்தைப் பூசினான். அது காயுமுன்பே தூக்கிக்கொண்டு போய், குலை ஏற்றும் லாரி ஓட்டுபவரின் மகனாகிய பத்து வயதுப் பையனின் முகத்துக்கு அருகே பிடித்து, “இவனுக்கு முகமூடியே வேண்டாம்!” என்றான். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அதை மறைப்பதற்கில்லை. ஒரு கணந்தான், ஆனால் அந்தப் பையன் அந்தக் கணத்தில் என்னைத்தான் பார்த்தான். அவன் அழவில்லை. தான் செய்துகொண்டிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான்.

சாதி ஒழிப்பைப் பற்றிக் கூட்டம் நடந்தால் முன்வரிசையில் அமர்பவன் நான். சடங்கின்றித் திருமணம் செய்துகொண்டவன் என்னும் பெருமையும் எனக்குண்டு. அத்தகையவனுக்கு மகள் பிறந்தபோது, “குழந்தை என்ன நிறம்?” என்று உறவினர் கேட்டார்கள். “நல்ல சிவப்பு” என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். எடை எவ்வளவு, தாய் நலமா என்று கேட்டவர்களுக்குக்கூட அதையே முதலிற் சொன்னதாக நினைவு. மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் ‘சாதி தடையில்லை’ என்று தாராளமாக எழுதுவோர்கூட, அடுத்த வரியிலேயே ‘சிவந்த நிறம்’ என்று எழுதிவிடுகின்றனர். நம் கடைகளில் காய்ச்சல் மருந்து தீர்ந்துபோகும் நாளுண்டு. முகம் வெளுக்கப் பூசும் களிம்பு தீர்ந்துபோனதை நான் கண்டதில்லை. வர்ணக்குச்சி செய்யும் கிரயோலா என்னும் அமெரிக்கக் கம்பெனி, இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றுக்குத் ‘தோல் நிறம்’ என்னும் பொருள்பட இட்டிருந்த பெயரை 1962-இலேயே நீக்கிவிட்டு, ‘பீச்’ என்று பழத்தின் பெயரை இட்டது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தமிழ்க் கிராணி அதே நிறத்தைக் கிண்ணத்திற் குழைத்து வைத்து, ‘முகத்தின் நிறம்’ என்று தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான்.

படிக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அவன் விளையாட்டுக்குச் சொன்னான்” என்றேன்.

“நீங்களும் சிரித்தீர்கள், ஐயா.”

“ஆம். தவறுதான். மன்னித்துக்கொள்” என்றேன். ஆபீசில் தொழிலாளர் சம்பளக் கணக்கில் பிழை நேர்ந்தாலும் ‘சரிபார்க்கிறேன்’ என்று சொல்லிப் பழகிய நாவுக்கு அந்தச் சொல் எளிதாக வரவில்லை.

அவன் சற்று நேரம் சும்மா இருந்தான். பின்பு, “உண்மையான கொள்ளைக்காரர்கள் என்ன நிறம்?” என்று கேட்டான். அதற்கு அப்போதே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. “அடுத்த ஞாயிறு சொல்கிறேன், இப்போது உள்ளே வா” என்றேன். எனக்காக வந்தானோ, பாதியில் நின்ற தாடிக்காக வந்தானோ, வந்தான்.

இளஞ்சிவப்புக் கிண்ணத்தை எடுத்துப்போய்க் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினேன். இனி எதைப் பூசுவது? புதையல் வரைபடத்துக்குத் தாளைப் பழுப்பேற்றுவதற்காகப் பிளாஸ்கில் பாலில்லாக் காப்பி கொண்டு வந்திருந்தேன். முதலிற் கேள்வி கேட்ட சிறுமிதான் அதில் தூரிகையைத் தோய்த்துத் தட்டிற் பூசி, தன் முழங்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இன்னும் ஒரு பூச்சு வேண்டும்” என்றாள்.

அதன்பின் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பூச்சும் வெயிலிற் காயவேண்டும். இல்லாவிட்டால் தட்டு ஊறி வளைந்துவிடும். ஓரங்களிற் கூழாங்கற்களைப் பாரம் வைத்து, வாசகசாலை முற்றத்தில் ஒன்பது தட்டுகளையும் வரிசையாகப் பரப்பினோம். பிள்ளைகள் கையை நீட்டி நீட்டி ஒப்பிட்டார்கள். ஒருத்திக்கு இரண்டு பூச்சு, மற்றொருவனுக்கு நான்கு. பரிகசித்தவனுக்கு ஐந்து பூச்சு ஆயிற்று. அவன் முகத்தில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. லாரிக்காரர் மகனோ ஏழு பூச்சுப் பூசியும் காப்பி தன் நிறத்தை எட்டாமையால், “இது போதாது” என்று தானே எழுந்துபோய்க் கரிய சாயத்தில் ஒரு துளி எடுத்துக் காப்பியிற் கலக்கிக்கொண்டான். பரிகசித்தவனை மன்னிப்புக் கேட்கும்படி நான் வற்புறுத்தவில்லை. கூடச் சிரித்தவன் எந்த முகத்தோடு வற்புறுத்துவது? அவன் தன்னிடமிருந்த பொன்னிறத் தாளிற் பாதியைக் கிழித்து, ஒன்றும் பேசாமல் மற்றவன் பக்கம் தள்ளியதை மட்டும் கண்டேன்.

அடுத்த ஞாயிறு, வாக்களித்த விடையைச் சொல்வதற்காகப் பெற்றோர் இருவரின் காரில் பிள்ளைகளைப் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கு அழைத்துச் சென்றோம். 1784-இல் டச்சுக்காரர் பிடித்த கோட்டை அங்கிருந்தது. பீரங்கிகளும், 1907-இல் எழுப்பிய கலங்கரை விளக்கமும் இன்றும் இருக்கின்றன. மேலே நின்றால் சிலாங்கூர் ஆற்று முகமும் நீரிணையும் தெரியும்.

1871-இல் பினாங்கிலிருந்து புறப்பட்ட சீன வணிகக் கப்பல் ஒன்றைக் கொள்ளையர் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்றனர். ஆங்கிலேயர் தேடிச்சென்று அக்கப்பலைக் கோலசிலாங்கூரிற் கண்டனர். ஜூலை மாதத்தில் ரினால்டோ என்னும் போர்க்கப்பல் வந்து இங்கிருந்த கோட்டைகளைப் பீரங்கியால் தகர்த்தது. கடற்கொள்ளையை ஒடுக்குகிறோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். கொள்ளை மெய், கொலையும் மெய். ஆனால் ஒடுக்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. 1874-இல் சிலாங்கூருக்கு ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்தார். பிறகு காப்பித் தோட்டங்கள் தோன்றின. காப்பி விலை விழுந்ததும் இரப்பர் வந்தது. அத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களே நம்மிற் பலருடைய முன்னோர். கப்பலைப் பிடித்த அந்தக் கொள்ளையர் இல்லாதிருந்தால் இந்தக் கிராணி எந்த மேசையில் இருந்திருப்பானோ!

“அந்தக் கொள்ளைக்காரர்கள் என்ன நிறம்?” என்று பையன் விடவில்லை. எல்லா நிறமும் என்றேன். மலாய் மொழியில் கடற்கொள்ளைக்காரனுக்கு வழங்கும் ‘லானூன்’ என்னும் சொல், மிண்டனாவோத் தீவின் இரானூன் மக்கள் பெயரிலிருந்து வந்தது. ஒரு கூட்டத்தார் பெயரே கொள்ளைக்குப் பெயராகிவிட்டது. 1603-இல் சிங்கப்பூருக்குக் கிழக்கே டச்சுக்காரர் போர்த்துகீசியக் கப்பலொன்றைப் பிடித்து, அதிலிருந்த பட்டையும் பீங்கானையும் ஆம்ஸ்டர்டாமில் விற்றார்கள். அது கொள்ளையன்று என்று வாதிக்க குரோட்டியஸ் என்னும் பெரிய சட்ட அறிஞர் அவர்களுக்குக் கிடைத்தார். அவர்களுடைய பெயர் எந்த மொழியிலும் கொள்ளைக்குப் பெயராகவில்லை. 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பல்கள் இதே நீரிணைக்கு வந்தன. கடாரம் கொண்டான் என்று நாம் பெருமை பேசுகிறோம். கடாரத்துக் கரையில் நின்று அக்கப்பல்களைக் கண்டவன் தன் பிள்ளைகளுக்கு என்ன பெயர் சொல்லியிருப்பான்? இதைக் கேட்டு உடன் வந்த பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். சோழனை அந்த வரிசையில் வைக்கலாகாது என்றார். வீடு திரும்பும்வரை அதைப் பற்றி விவாதித்தோம். அவர் இன்னும் ஒப்பவில்லை.

பிள்ளைகள் அதற்குள் முகமூடிகளை மாட்டிக்கொண்டு பீரங்கியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைவன் யார் என்று சண்டை வந்தது. லாரிக்காரர் மகன் பீரங்கிமேல் ஏறி நின்று, “ஏழு பூச்சு, நான்தான் தலைவன்!” என்றான். ஐந்து பூச்சுக்காரன், தானும் வீட்டில் இன்னும் இரண்டு பூசியிருந்தால் ஆகியிருக்கும் என்று முணுமுணுத்தான். அந்தச் சமயத்தில் குன்றின் குரங்கொன்று பாய்ந்து வந்து தலைவனுடைய காதுவளையத்தைப் பறித்துக்கொண்டு மரமேறிற்று.

முகமூடிகளை வாசகசாலைச் சுவரில் மாட்டிவைத்தோம். நான்காம் நாள் போய்ப் பார்த்தால் எல்லா முகங்களிலும் எறும்பு. நம் ஊர்க் காப்பித் தூளைச் சீனி சேர்த்து வறுக்கிறார்கள் என்பதை மறந்துபோனேன். ஈரத் துணியால் துடைத்ததில் பூச்சும் பாதி போயிற்று. வருகிற ஞாயிறு மறுபடியும் செய்யவேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தட்டு இன்னும் முப்பதுக்குமேல் இருக்கிறது. சீனி சேராத தூள் அரைக்கிலோ பட்டணத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.