மீரியபெத்த மலைப்பாதையில் ஒரு பழைய மோட்டார்

பேரகலையிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையிலே உள்ளது கொஸ்லாந்தை. அதற்கு மேலே மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடிய தோட்டம் இதுவே. எஞ்சியோரிற் பலர் பின்னர் வேறிடத்திற் குடியேற்றப்பட்டனர்.

அயற் தோட்டங்களில் நோயாளியைக் கீழே கொண்டுசெல்ல, பல வேளைகளில் யாரோ ஒருவரின் பழைய வண்டிதான் துணை. நான் ஏறியது டைஹட்சு ஷரேட். 1983 இல் வந்த, 993 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் அதற்கு. எஞ்சின் சளைக்கவில்லை, தளர்ந்திருந்தவை ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ரப்பர் புஷ்களுமே. ஒவ்வொரு குழியிலும் நம் முதுகெலும்பன்றோ அவற்றின் வேலையைச் செய்தது!

கரடுமுரடான பாதைக்கு உயர்ந்த, கடினமான ஸ்பிரிங்கே ஏற்றதென்பர் சிலர். எனக்கு உடன்பாடில்லை. மிகக் கடினமானால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடிப்பதெங்ஙனம்? உயர்த்திய வண்டியோ வளைவிலே கூடுதலாகச் சாயும். பழைய அளவிலே புது ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கவல்ல தரமான ஷொக் அப்சோபரும் இருபுறமும் ஒருங்கே மாற்றுதலே தகும்.

வண்டிக்காரர் அவ்வாறே செய்தார். புஷ்களின் போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் ஊன்றிய பின்னரே இறுதியாக இறுக்கினார். ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகி நின்று விரைவிற் கிழியும்.

அடுத்த முறை இறங்குகையில், பின்னிருக்கை மூதாட்டி கொஸ்லாந்தை வரை கண்ணயர்ந்திருந்தார்.