முதியோருடன் ஒரு நகர்வலம்

பிரயாணம் என்றதும் நடையும் விரைவும் மிகுந்த இளைஞர் கூட்டமே பலருக்கு நினைவில் எழும். வீட்டிலுள்ள வயோதிபரோ, "நீங்கள் போட்டு வாருங்கோ, நான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்" என்று ஒதுங்கிக்கொள்வர். அச்சொல்லை அவர்தம் விருப்பமென நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். பெரும்பாலும் அது விருப்பமன்று. பிறருக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்னும் அச்சமே அவ்வாறு பேசுவிக்கின்றது.

கல்லூரி விடுமுறையொன்றை அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில், எம் இளவலின் இல்லத்திற் கழித்தோம். 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பலர் குடியேறிய நகரம் அது. பிள்ளைகளைக் காண யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் பெற்றோருள், வந்த ஊரைக் காணாது சாளரத்தருகே இருந்து திரும்புவோரும் உளர். எம்முடன் வந்தோர் இருவர். அன்னையாருக்கு வயது 76. முழங்கால் நோவு தீராதது. அவர் தமையனாராகிய அம்மானுக்கு வயது 84, ஊன்றுகோலின்றி நடவார். இவ்விருவருக்கும் நகரைக் காட்டுவது எவ்வாறு? அவ்வினாவுக்கு விடையாய் அமைந்தது, நகரின் நடுப்பகுதியை வட்டமிட்டு ஓடும் பழைய ட்ராம் வண்டி.

மெல்பேண் நகரத்தார் தம் ட்ராம் வண்டிகளைக் கைவிடாது காத்தவர். 1923 முதல் 1956 வரை கட்டப்பட்ட 'டபிள்யூ' வகை வண்டிகள் 700க்கும் மேற்பட்டவை. அவ்வகையிற் சிலவே, 1994 ஆம் ஆண்டு முதல், காண வருவோரைக் கட்டணமின்றி ஏற்றி நகரைச் சுற்றி வருகின்றன. மரவேலைப்பாடு மிக்க உட்புறம், அகன்ற சாளரங்கள், கடந்து செல்லும் இடங்களை விளக்கும் ஒலிப்பதிவு. முழு வட்டத்திற்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. பழமையின் அழகோடு பழமையின் இடர்ப்பாடும் உண்டு. இவ்வண்டியிற் படியேறியே உட்செல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்போருக்கு இது ஏற்றதன்று. அன்னையார் முதற்படியை நோக்கியதும் முகம் வாடினார். "நான் இதிலே இருக்கிறன், நீங்கள் சுத்திப்போட்டு வாருங்கோ" என்ற பழைய பல்லவி மீண்டும் எழுந்தது. இளவல் மேலிருந்து கைகொடுத்தார். நாம் பின்னின்று தாங்கினோம். சாரதி அவசரப்படுத்தவில்லை. அன்னையார் ஆசனத்தில் அமர்ந்த பின்னரே வண்டி நகர்ந்தது.

அமர்ந்தபின் முதுமையென்ன, இளமையென்ன? சாளரம் எல்லோருக்கும் ஒன்றே. பிளிண்டர்ஸ் வீதியில், 1910 இல் நிறைவுற்ற புகையிரத நிலையத்தின் குவிமாடத்தைக் கண்டோம். ஸ்பிரிங் வீதியில் பழைய திறைசேரி மாளிகை நிற்கின்றது. 1851 இல் விக்ரோறியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டமையால் பெருகிய செல்வத்தை வைத்துக் காப்பதற்கென எழுந்த கட்டடம் அது. அதனை அடுத்துள்ள பாராளுமன்ற மாளிகையிலேதான், 1901 முதல் 1927 வரை அவுஸ்திரேலியக் கூட்டரசின் பாராளுமன்றமும் கூடிற்று. மாணவர் நூலிற் படிக்கும் சரித்திரம், ஒரு வீதியின் ஓரத்தில் வரிசையாய் நிற்கின்றது.

வண்டியின் மணி ஒலித்தது. மௌனமாயிருந்த அம்மான் நிமிர்ந்தார். "இந்தச் சத்தம் கொழும்பிலே கேட்டது" என்றார். கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாசுக்கும் ட்ராம் ஓடிய காலம் அவர் பிள்ளைப்பருவம். 1960 ஆம் ஆண்டுடன் அது மறைந்தது. எம் பாட்டனார் சிறுவனாகிய தம்மைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றதையும், சாளரத்தருகே இருத்திவிட்டுத் தாம் நின்றபடியே வந்ததையும் அவர் விரித்துரைத்தார். பாட்டனாரைப் பற்றி நாம் அறியாத கதை அது, அன்னையாரும் அறியாதது.

"ஐயா என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை, அண்ணை?" என்றார் அன்னையார்.

"நீ அப்ப மடிக்குழந்தை. இண்டைக்கு ஏறிவிட்டாய்தானே" என்றார் அம்மான்.

இருவரும் நகைத்தனர். மெல்பேண் நகரைக் காட்ட அழைத்துச் சென்றோம். எம் குடும்பத்தின் ஓர் ஏட்டை அவர்கள் எமக்குக் காட்டினர்.

இறங்கியது ஓரிடத்தில் மாத்திரமே. 1880 இல் சர்வதேசக் கண்காட்சிக்கெனக் கட்டப்பட்ட கண்காட்சி மண்டபம், கால்ட்டன் பூங்காவில் உள்ளது. கூட்டரசின் முதற் பாராளுமன்றம் 1901 இல் திறந்து வைக்கப்பட்டதும் அங்கேதான். 2004 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. மரநிழலில் இருந்து, கொண்டு சென்ற தேநீரை அருந்தி, நெடுநேரம் மண்டபத்தைப் பார்த்திருந்தோம். பல இடங்களில் இறங்கி ஏறியிருந்தால், இருவருக்கும் கால்நோவு ஒன்றே நினைவில் நின்றிருக்கும்.

இவ்வாறு செல்ல எண்ணும் குடும்பத்தாருக்குச் சில சொல்வோம். வேலைக்குச் செல்வோர் நெருக்கம் தணிந்த முற்பகலிற் புறப்படுக. மேடையமைந்த தரிப்பிடத்தில் ஏறின் படியின் உயரம் குறையும். மலசலகூடம் எங்குள்ளதென முன்னரே விசாரித்து வைத்தல் நன்று. முதியோர் இதனைக் கேட்க நாணித் தண்ணீரும் அருந்தாதிருப்பர். ஒரே நாளில் வெயிலும் மழையும் குளிரும் மாறிமாறி வரும் ஊராதலின் கம்பளிச் சட்டை கைவசம் இருக்கட்டும். படியேற இயலாதோரும் மனந்தளர வேண்டியதில்லை. அந்நகரிலே தாழ்ந்த தளமுடைய புதிய ட்ராம் வண்டிகளும் ஓடுகின்றன. 2015 முதல் நகரின் நடுப்பகுதியில் அவற்றுக்கும் கட்டணமில்லை.

மெல்பேண் வரை செல்லுதல் எல்லோருக்கும் இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. நம்மூரிலும் பேருந்தின் முன் ஆசனம் உண்டு. புகையிரதத்தின் சாளரம் உண்டு. வேண்டியவை இரண்டே: அவர்தம் நடைக்கு ஏற்ப நம் நேரத்தை வகுத்துக்கொள்ளலும், "நீங்கள் போட்டு வாருங்கோ" என்று அவர் சொல்லும்போது மறுமுறையும் அழைத்தலும்.