எந்த வழியாகப் போகிறது?

சம்பந்தியம்மாளுடன் ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்துவிடலாம். ஒரே விமானத்தில் கடல் கடந்து போய்த் திரும்பியும் வருவதென்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் அவர் அரியலூர், நான் பெரம்பலூர்!

இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோ மீட்டர்தான். ஆனால் அரியலூரில் ரயில் நிற்கிறது. எங்கள் ஊரில் இன்றைக்கும் ரயில் கிடையாது. ஆகையால் வெளிநாடு என்றதும் சம்பந்தியம்மாளுக்கு, ரயிலேறிச் சென்னைக்குப் போய் மீனம்பாக்கத்தில் விமானம் பிடிப்பதுதான் முறை என்று தோன்றுகிறது. எங்களுக்கோ, பெரிய சாலைக்கு வந்து தெற்கே திரும்பினால் ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். சென்னை அதைப் போல நாலு மடங்கு தூரம்.

மெல்போர்னில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை சம்பந்தியம்மாளுக்கு ஒரே பிள்ளை. இரண்டு பாட்டிமார்களும் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதென்று ஏற்பாடு. நான் போன வருஷம் ஒரு தடவை போய் வந்தவள். அவருக்கு விமானமே புதிது. போதாததற்குச் சர்க்கரை வியாதி. தினம் இரண்டு வேளை இன்சுலின்.

சென்னையா திருச்சியா என்ற சண்டை இரண்டு நாளில் தீர்ந்தது. அரியலூரிலிருந்து திருச்சிக்கும் ரயில் உண்டே என்று நினைவூட்டினேன், சம்பந்தியம்மாள் ஒத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் உண்மையான குழப்பம். திருச்சியில் 2024-ல் புது டெர்மினல் திறந்து ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேர் விமானம் இல்லை. வழியில் ஓரிடத்தில் மாறியாக வேண்டும். சிங்கப்பூர் வழியாக ஸ்கூட் விமானத்தில் போகலாம். நாலு மணி நேரம் ஒரு பறத்தல், ஏழரை மணி நேரம் இன்னொன்று. நடுவே காலை நீட்டிக் கொள்ளலாம். சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனித்தனியே காசு. கோலாலம்பூர் வழியாக ஏர் ஏசியா, பாட்டிக் ஏர் இரண்டும் போகின்றன. கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன். 2017-லிருந்து கொழும்புக்கும் மெல்போர்னுக்கும் நேர் விமானம். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கொழும்பு. ஆனால் அதற்கு மேல் ஒரே மூச்சாகப் பத்து மணி நேரத்துக்கும் அதிகம். என் முழங்காலைக் கேட்டால் சிங்கப்பூர் என்றுதான் சொல்லும்.

இந்த நிலையில் மாப்பிள்ளை செல்போன் திரையில் தோன்றி நாலாவதாக ஒரு வழி சொன்னார்.

“அத்தை, ஒரே டிக்கெட்டா எடுக்காம தனித்தனியா ரெண்டு எடுத்தா ரொம்ப மலிவு. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஒரு கம்பெனி, அங்கிருந்து இங்கே வேற கம்பெனி. ரெண்டு பேருக்கும் போக வர இருபதாயிரம் மிச்சம். டெர்மினல்தான் வேற வேற. நடுவில ரயில் ஓடுது.”

“அங்கேயும் ரயிலா!” என்று சம்பந்தியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. “அந்தப் பணத்துல குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கிடலாங்க, சம்பந்தியம்மா.”

“போன வருஷம் அத்தை அப்படித்தானே திரும்பிப் போனாங்க? ஒரு கஷ்டமும் இல்லையே” என்றார் மாப்பிள்ளை.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் கஷ்டமில்லை என்று சொன்னவளே நான்தான்.

நடந்ததை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அந்த மலிவு டிக்கெட் வேண்டுமென்று மகளிடம் அடம் பிடித்தவள் நானே. போகும்போது ஒரே டிக்கெட், திரும்பும்போது இரண்டு. முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. நாமே குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது கம்பெனியின் பொறுப்பு. இதில் யாருக்கும் பொறுப்பில்லை. அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: முதல் விமானம் எங்களுடையது இல்லையே, அம்மா!

தையல் மெஷின் வாங்கிக்கொள் என்று மகள் கொடுத்த டாலர்களை எண்ணிக் கொடுத்துப் புது டிக்கெட் வாங்கினேன். பதினாலு மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு, “விமானம் தாமதம்” என்று மட்டும் செய்தி அனுப்பினேன். பொய்யில்லை, பாதி உண்மை.

அந்த நாற்காலியில் இப்போது சம்பந்தியம்மாளை உட்கார வைத்துப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் அரியலூர் பஸ் ஏறிவிட்டேன்.

சம்பந்தியம்மாள் ஐஸ் பெட்டிக் கதவில் இன்சுலின் பேனாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவற்றைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது, விமானத்தின் அடியறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும், டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அப்படியே வழுக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். நன்றாகக் கேலி செய்யப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“பதினாலு மணி நேரமும் என்னதாங்க சாப்பிட்டீங்க?” என்றார்.

“ஒரு பன்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் இரண்டு தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்தார். நான் பஸ் ஏறுமுன்பே சாப்பிட்டாயிற்று என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

இட்லிக்கு நடுவே அவர் ஒரு கேள்வி கேட்டார். கட்டணம், முழங்கால், டெர்மினல் என்று இத்தனை நாள் கணக்குப் போட்டும் எனக்குத் தோன்றாத கேள்வி.

“நான் அஞ்சாங் கிளாஸ். தமிழ் எழுத்துத்தான் தெரியும். நீங்க கைகழுவப் போயிட்டா, நான் எதைப் படிச்சிட்டு எங்க நிக்கிறது?”

கொழும்பு விமான நிலையத்தில் சிங்களத்தோடும் இங்கிலீஷோடும் தமிழிலும் பலகை எழுதியிருக்கிறார்கள். போவதும் வருவதும் ஒரே கம்பெனி, ஒரே டிக்கெட். பெட்டியை மெல்போர்னில் எடுத்தால் போதும். வேளைக்குச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே சேர்ந்தது. சர்க்கரைக்காரர்களுக்குத் தகுந்ததை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சக்கர நாற்காலிக்கும் அப்படியே. இவ்வளவையும் அங்கிருந்தே மாப்பிள்ளைக்குச் சொன்னோம். போன வருஷத்துக் கதையையும் சொன்னேன். சற்று நேரம் திரையில் அவர் அசையாமலே இருந்தார். இணைப்பு அறுந்ததோ என்று பார்த்தேன், அறுந்திருக்கவில்லை.

“கொழும்பே எடுத்துடறேன், அத்தை” என்றார்.

திரும்பும் நாளில் கொழும்பில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை நானே இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். போகிற அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. களைத்து, முட்டி வீங்கி, குழந்தையை விட்டு வரும் துக்கத்தோடு காத்திருக்கப் போவது அப்போதுதானே?

வெள்ளி அரைஞாண் இப்போதைக்கு இல்லை. சம்பந்தியம்மாள் கறுப்புக் கயிறு திரித்து வைத்திருக்கிறார். என் முழங்காலுக்கு என் வீட்டுக்காரர் தைலம் வாங்கி வந்திருக்கிறார். அவரிடம் மட்டும் அந்தத் தையல் மெஷின் சமாசாரத்தை இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையில் அவர் தொடர்கதையைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.