எக்ஸ், யூ, எச்

அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டை நான்தான் டைப் பண்ணினேன். 2022 மார்ச் கடைசி. அந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏ, பி, சி என்று நாட்டையே எழுத்து எழுத்தாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். "உங்கட எந்த எழுத்து?" என்றுதான் ஆட்கள் கதையையே தொடங்குவார்கள். 30ஆம் திகதி பத்து மணித்தியால வெட்டு, 31ஆம் திகதி பதின்மூன்று. அச்சகத்துக்கோ 1ஆம் திகதி காலமை ஃபைல் போயாகவேணும்.

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் பழசு. அதுக்கு ஒரு 650 விஏ யூபிஎஸ், பற்றரி சாகிற நிலையில். மொனிட்டரையும் அதில் கொளுவினால் ஒரு நிமிசமும் தாங்காது என்று அண்ணா மொனிட்டர் வயரைக் கழற்றி நேரே சுவர் பிளக்கில் போட்டுவிட்டிருந்தார். அதனால் மூன்று நிமிசம் கிடைக்கும். ஆனால் கரண்ட் போகிற அதே நொடியில் திரையும் போய்விடும். உள்ளே கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், யூபிஎஸ் கத்தும், நாங்கள் இருட்டுக்குள் மவுஸைப் பிடித்தபடி இருப்போம். திரை தெரியாமல் மவுஸ் என்னத்துக்கு?

30ஆம் திகதி இரவு தாத்தா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். அதுவரை அம்மம்மாவைப் பற்றி அவர் ஒரு வசனமும் தரவில்லை. மாமிமார், சித்தி, கனடாவில் இருக்கிற பெரியம்மா எல்லாரிடமும் போனில் கேட்டு எழுதி முடித்துவிட்டேன்; அவருடைய பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "எழுது பிள்ளை" என்றார்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த இரவு. அம்மம்மா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாவாம். எறி எறி என்று இவர் சண்டை பிடித்தாராம். அதுக்கு அவ சொன்ன பதில், பாலத்தில் நெரிசலுக்குள் நின்றபோது நடந்த ஒன்று, பிறகு அந்த மெஷின் வைத்தே குடும்பம் சாப்பிட்டது. ஏழு எட்டு நிமிசம் கதைத்திருப்பார். நான் நிமிராமல் அடித்தேன். ஒருக்காவும் சேவ் பண்ணவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திப்போடுவார் என்ற பயம்.

கரண்ட் நின்றது.

எங்கள் கீபோர்டில் நிலா படம் போட்ட ஒரு விசை இருந்தது. மலிவுக் கீபோர்டுகளில் பவர், ஸ்லீப், வேக் என்று மூன்று வரும், பார்த்திருப்பீர்கள். ஸ்லீப்பில் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். போன் வெளிச்சத்தில் தேடி அமத்தினேன். ஃபேன் ஓய்ந்தது. அப்பாடா என்று தாத்தாவைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் யூபிஎஸ் ஒரு நீட்டுச் சத்தம் போட்டு அடங்கினது குசினிக்கும் கேட்டது.

நடுச்சாமம் கரண்ட் வந்தபோது கொம்பியூட்டர் புதுசாகத் தொடங்கியது. வேர்ட் பத்து நிமிசத்துக்கு ஒருக்காத்தான் தானாகப் பிரதி எடுத்து வைக்கும். அது எடுத்து வைத்திருந்த கடைசிப் பிரதியில் தாத்தாவின் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

காலமை கேட்டேன். "அதுதான் சொல்லிப்போட்டனே" என்றார். திரும்பவும் கேட்டேன். "மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தவ எண்டு போடு." கல்வெட்டில் அவருடைய பக்கத்தில் நாலே நாலு வரி. அந்தப் பதில் என்ன என்று என் நினைவில் இருந்து எழுதியிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன சொல் எது, நான் சேர்க்கிற சொல் எது என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ஃபைலை பென் ட்ரைவில் கொண்டுபோன கொமியூனிகேஷன் கடை அண்ணாதான் விளங்கப்படுத்தினார். "ஸ்லீப் எண்டால் வெறும் நித்திரை தங்கச்சி. எல்லாம் ரம்மில நிக்கும், ரம்முக்குக் கரண்ட் வேணும். ஹைபர்னேட் எண்டால் எல்லாத்தையும் டிஸ்கில எழுதி வைச்சிட்டுப் படுக்கிறது. பிறகு வயரைக் கழட்டினாலும் பிரச்சினையில்லை." எங்கள் கொம்பியூட்டரில் இடம் காணாது என்று யாரோ ஹைபர்னேட்டை நிறுத்தியிருந்தார்கள். கமாண்ட் புரொம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்று ஒட்டி அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'ஹைபர்னேட் ஒன்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் திரும்ப வரும். அதற்குப் பிறகு கொன்ட்ரோல் பனலில் பவர் பட்டன் அமைப்புக்குள் போய் ஹைபர்னேட்டுக்குச் சரி போடவேணும், அப்போதுதான் மெனுவில் தெரியும்.

பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டினார். கொன்ட்ரோலும் எஸ்ஸும். அடுத்து விண்டோஸ் விசையோடு எக்ஸ். கையை எடுத்துவிட்டு யூ. பிறகு எச். அவ்வளவுதான். கடைசி எழுத்தை மட்டும் மாற்றினால் யூ நிறுத்தும், ஆர் திரும்பத் தொடங்கும், எஸ் நித்திரையாக்கும். விண்டோஸ் ஆங்கிலத்தில் இருந்தால்தான் இந்த எழுத்துகள் சரி வரும்.

விண்டோஸும் டீயும் அமத்தி, பிறகு ஆல்டும் எஃப்4உம் அடித்து எண்டர் தட்டுவதைத்தான் கூடப்பேர் சொல்லித் தருவார்கள். திரை தெரிகிற ஆட்களுக்கு அது நல்லது. சேவ் பண்ணாத ஃபைல் ஒன்று திறந்திருந்தால் விண்டோஸ் நிறுத்தாமல், 'என்ன செய்ய?' என்று கேட்டபடி நிற்கும். அந்தக் கேள்வி எங்களுக்குத் தெரியாது. பற்றரி முடியும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். ஹைபர்னேட் கேள்வி கேட்காது. பவர் பட்டனை நாலைந்து செக்கன் அமத்திப் பிடிப்பது பிளக்கைப் பிடுங்குவதுக்குச் சமன், அதை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. இருட்டில் கொம்பியூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க கப்ஸ் லொக்கைத் தட்டுங்கள். அதன் லைட் பத்தி நூர்ந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் இதை வெறித்தனமாகப் பழகினேன். வீட்டில் கரண்ட் இருக்கும்போதே மொனிட்டரை நூர்த்துவிட்டு அடித்துப் பார்ப்பேன். அம்மா விசர் என்றா.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு வேலை விண்ணப்பம் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதே மொனிட்டர், அதே சுவர் பிளக். திரை போக முதலே கை போய்விட்டது. சேவ், எக்ஸ், யூ, எச். யூபிஎஸ் நாலு தரம் கத்தியிருக்கும், ஃபேன் ஓய்ந்தது.

விறாந்தையில் பேப்பரோடு இருந்த தாத்தா, "நிண்டிட்டுதோ?" என்றார்.

"ஓம் தாத்தா."

கொஞ்சம் பொறுத்து, "போனமுறை மாதிரிப் போட்டுதோ?"

"இல்லைத் தாத்தா. இருக்கு."

"ம்" என்று பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.